வந்த தடங்கள்

திங்கட்கிழமை காலை தரையில் ஆறு கால்தடங்கள் இருந்தன. ஐந்துதான் இருக்க வேண்டும்.

லீலா பாயை விட்டு எழாமல், மூச்சைக்கூட மெதுவாக விட்டபடி மறுபடி எண்ணினாள். துணிக்கொடியின் கீழிருந்து வாசல்வரை ஐந்து. அவை அப்பாவுடையவை. வெளியே போகும் தடங்கள், ஒன்றே முக்கால் வருஷமாக அங்கேயே கிடப்பவை. ஆறாவது, வாசற்படிக்கு உள்ளே தனியாக இருந்தது. அதன் விரல்கள் அறைக்குள் பார்த்திருந்தன. வலது கால். சுண்டுவிரல் இல்லை.

செம்பவாங் கப்பல் பட்டறையில் வெள்ளைக்காரன் காலத்தில் இரும்புத் தகடு விழுந்து அப்பாவுக்குப் போன விரல் அது. துரைசாமியின் காலை எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்லிவிடலாம் என்று பட்டறை ஆட்கள் சிரிப்பார்களாம். லீலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. சுவரோரமாகப் படுத்திருந்த அம்மாவைப் பார்த்தாள். அம்மா கண்ணைத் திறந்துகொண்டுதான் கிடந்தாள். அந்த ஆறாவது தடத்தைத்தான் அவளும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கெர்பாவ் சாலையில், மூடிக் கிடந்த ஒரு மாட்டுத்தீவனக் கடையின் மாடி அது. மாடும் போய், தீவனமும் போய், பிண்ணாக்கு நாற்றம் மட்டும் பலகை இடுக்குகள் வழியே மேலே வந்துகொண்டிருக்கும். பலகை அடைத்துப் பிரித்த இரண்டு அறைகளில் ஒன்றில் இவர்கள், மற்றதில் ஹலீமா மாமி. ஜப்பான்காரன் வந்ததும் ஊர்க் கடிகாரத்தையே ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தவன். அவனுக்கு ஒரு மனிதனைச் சயாமுக்குத் தள்ளிக்கொண்டு போவதா பெரிய காரியம்? மூன்று மாதம் ரயில் பாதை போடும் வேலை, அரிசி தருவோம் என்றார்கள். லாரி கீழே நின்றது. அன்று மழை. இறங்கிப் போன அப்பா துண்டை மறந்துவிட்டு, சேற்றுக் காலோடு மாடியேறி வந்து, கொடியில் கிடந்த துண்டை உருவிக்கொண்டு திரும்பிப் போனார்.

அம்மா பெயர் அன்னம்மா. பெரிய சுத்தக்காரி. அப்பா இன்னும் படியில் இறங்கிக்கொண்டிருக்கும்போதே ஈரத்துணியை எடுத்துவிட்டாள். வீட்டு ஆள் பயணம் கிளம்பினால், போய்ச் சேரும்வரை வீட்டைக் கூட்டக்கூடாது, துடைக்கக்கூடாது என்பது அவளுக்குத் தெரியாததல்ல. கை பழகிய பழக்கம், மனசு எங்கேயோ இருந்தது. அப்பா உள்ளே வந்த ஐந்து தடங்களையும் துடைத்துவிட்டு, வெளியே போன தடத்தில் துணியை வைக்கப் போனபோது ஹலீமா மாமி வாசலில் வந்து கத்தினாள்.

"ஆளு இன்னும் படி இறங்கல, அதுக்குள்ள துடைக்கிறியே அன்னம்மா!"

துணி அப்படியே நின்றது. அதோடு அம்மாவும் நின்றுவிட்டாள் என்று லீலாவுக்குத் தோன்றும்.

வந்த தடத்தையெல்லாம் நானே துடைத்துவிட்டேன், போன தடம்தான் இருக்கிறது, அப்புறம் எப்படி வருவார்? இதைத்தான் அம்மா முதல் மாதம் முழுக்கச் சொன்னாள். பிறகு சொல்வதை நிறுத்தினாள். அதற்குப் பிறகு அந்த அறையை யாரும் கூட்டவில்லை. நடுத்தரையில் யாரும் கால் வைக்கவில்லை. தூசி சாம்பல் நிறமாய்ப் படிந்து, விரற்கடை உயரத்துக்கு மெத்தென்று ஏறியது. சுவரை ஒட்டி ஒரு முழ அகலம்தான் நடக்க, படுக்க, உண்ண. இரைந்து பேசக்கூடாது, ஓடக்கூடாது. ஓடினால் பலகை அதிரும், தடம் கலையும்.

லீலாவுக்குப் பத்து வயது முடிந்திருந்தது. அவளுக்கு வேறு தரையும் தெரியும். தம்பி சேதுவுக்குத் தெரியாது. அப்பா போன அன்று தவழ்ந்துகொண்டிருந்தவன், அதற்குப் பிறகு இந்த அறையில்தான் நடக்கக் கற்றான். இடது உள்ளங்கையைச் சுவரில் தேய்த்தபடி, சுவரை ஒட்டியே நடந்தான். சுண்ணாம்புச் சுவரில் அவன் கை போகும் உயரத்தில் ஓர் அழுக்குக் கோடு விழுந்திருந்தது. அவன் வளர வளர அந்தக் கோடும் மெல்ல உயர்ந்து வந்தது. மூன்று வயதாகப் போகிறது, ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒருமுறை ஹலீமா மாமி அவனைக் கீழே கூட்டிப் போனாள். கடை வாசல்களின் நடைபாதையில் சுவரைத் தடவிக்கொண்டே போனவன், மூலையில் சுவர் முடிந்து சாலை விரிந்ததும் உட்கார்ந்துவிட்டான். தன் மணிக்கட்டைத் தானே கடித்துக்கொண்டான். அழுதான், ஆனால் சத்தமே வரவில்லை. அதைப் பார்த்ததிலிருந்து லீலாவுக்கு நெஞ்சில் ஒரு பாரம். தம்பியைப் பார்த்துக்கொள் என்று அப்பா அவளிடம்தான் சொல்லிவிட்டுப் போனார். பார்த்துக்கொள்வது என்றால் இதுவா?

சனிக்கிழமை நாகூர் கனி வந்திருந்தார். அப்பாவோடு அதே லாரியில் போனவர், கால் புண்ணோடு திருப்பி அனுப்பப்பட்டவர். வாசலுக்கு வெளியே கழியை ஊன்றி நின்றார். அழுகிய புண்ணின் வாடை உள்ளே வந்தது.

"மனசத் தேத்திக்க தங்கச்சி. வாந்திபேதி. ஒரே ராத்திரிதான். நான்தான் மூங்கில் காட்டுல குழி வெட்டுனேன்."

அம்மா அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. "அண்ணே, கழிய உள்ள வைக்காதீங்க. தடம் கலைஞ்சிரும்" என்றாள்.

அவர் போன பிறகு லீலா சுவரோடு சாய்ந்து, சத்தமில்லாமல் அழுதாள். இந்த வீட்டில் எல்லோருக்கும் அப்படி அழத்தான் தெரியும்.

அதற்குப் பிறகுதான் அந்தத் திங்கட்கிழமை.

செவ்வாய்க்கிழமை ஏழாவது தடம் வந்தது. இடது கால். முந்தின நாள் தடத்துக்கு முன்னால், ஓர் ஆண் எட்டு வைக்கும் தூரத்தில். அம்மாதான் ஏதோ செய்கிறாள் என்று லீலா நினைக்கப் பார்த்தாள், நினைக்க ஆசைப்பட்டாள். ஆனால் அம்மாவின் கால் சின்னது. அதோடு, நடுத்தரைக்குப் போக வேண்டுமானால் தூசியில் கால் வைத்தாக வேண்டும். சுவரோரத்துக்கும் அந்தத் தடத்துக்கும் நடுவில் தூசி ஒரு கீறலும் இல்லாமல் கிடந்தது.

புதன்கிழமை எட்டு. அன்று அம்மா தலைக்குக் குளித்தாள். லீலாவைச் சுவரோரம் உட்கார வைத்து, சிக்கெடுத்து இரட்டைப் பின்னல் போட்டாள். தன் பங்கு மரவள்ளிக்கிழங்கையும் பிள்ளைகளுக்கே பிட்டுக் கொடுத்தாள். மெல்ல ஏதோ முணுமுணுத்துப் பாடினாள். "வந்துக்கிட்டே இருக்காருடி. பாதிவழி வந்துட்டாரு பாரு" என்றாள். அந்த முகத்தை லீலா எத்தனை நாள் தேடினாள்! இப்போது அது கிடைத்தபோது அவள் சேதுவை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

குழாயடியில் ஹலீமா மாமி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"வெள்ளிக்கெழம சாயங்காலம் நான் கேலாங் செராய்க்குப் போறேன், தங்கச்சி வீட்டுக்கு. மாட்டுவண்டி வருது. தம்பியத் தூக்கிக்கிட்டு நீயும் வந்துரு."

"அம்மா?"

"கூப்பிட்டுப் பார்த்துட்டேன்லா. அவ அந்த ரூம விட்டு வரமாட்டா. மூணு வயசுப் புள்ள ஓடணும், விழணும், கத்தணும். இது என்னடி, பல்லி மாதிரி சுவத்தோட ஒட்டிக்கிட்டு! இன்னும் ஒரு வருஷம் போனா அவன எந்தத் தரையிலயும் எறக்க முடியாது." மாமியின் குரல் இறங்கியது. "நீயும் இப்ப சுவரு ஓரமாத்தான் வந்த. தெரியுமா?"

லீலா தலையைத் திருப்பிப் பார்த்தாள். அவள் தோளில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது.

வியாழக்கிழமை ஒன்பது. போன தடம் ஐந்து, வந்த தடம் நான்கு. இன்னும் ஒன்றே ஒன்றுதான் பாக்கி. அந்த ஒன்று எங்கே விழும் என்று லீலா கண்ணாலேயே அளந்தாள். கொடிக்கயிற்றின் கீழே. சேதுவின் பாய் அங்கேதான் விரித்திருந்தது.

வெள்ளிக்கிழமை காலை எதுவும் வரவில்லை. மதியமும் வரவில்லை. நான்கு ராத்திரி தூங்காத அம்மா, சுவரில் சாய்ந்தபடி வாயைத் திறந்து தூங்கிப்போனாள். சன்னல் அடைப்பின் இடுக்கு வழியே வெயில் தரையில் பட்டை பட்டையாக விழுந்தது. அதில் தூசி மிதந்தது. சேது பாயில் ஒருக்களித்துத் தூங்கினான். லீலா அவன் தலைமாட்டில் குந்தியிருந்தாள். பிண்ணாக்கு நாற்றத்துக்கு அடியில் இன்னொரு வாசனை வந்தது. இரும்பு எண்ணெயும் பீடியும். அப்பாவின் சட்டை வாசனை. ஓடிப் போய்க் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. அப்பாதானே?

அப்பா மூங்கில் காட்டுக் குழியில் அல்லவா இருக்கிறார்.

பலகை முனகியது.

பாயின் விளிம்பில் தூசி அமுங்கியது. முதலில் குதிகால். அப்புறம் பாதம். பெருவிரல். அடுத்தது. அடுத்தது. அடுத்தது.

நான்கு.

சேதுவின் நெற்றியில் முடி அசைந்தது. யாரோ குனிந்து மூச்சு விட்டதுபோல.

லீலா எழுந்தாள். கதவுக்குப் பின்னால் சாத்தியிருந்த துடைப்பம். ஒன்றே முக்கால் வருஷமாகக் கை படாதது. எடுத்தாள். நடுத்தரையில் கால் வைத்தாள். கூட்டினாள்.

"அப்பா, மன்னிச்சிருங்க. அப்பா, மன்னிச்சிருங்க."

தூசி கிளம்பியது. கண் எரிந்தது. பத்தாவது. ஒன்பதாவது. எட்டாவது. காய்ந்த சேறு உதிர்ந்தது. போன தடமும் போனது. எல்லாம் போனது. வாசல்வரை கூட்டி, படியில் தள்ளினாள். தரையில் மரத்தின் நிறம் தெரிந்தது. அந்த நிறத்தை அவள் மறந்தே போயிருந்தாள்.

திரும்பியபோது அம்மா விழித்திருந்தாள்.

கத்துவாள், அடிப்பாள் என்று லீலா காத்திருந்தாள். அம்மா கத்தவில்லை. சுத்தமான தரையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள்.

"பாய் வரைக்கும் வந்துட்டாருடி, கண்ணு. இப்ப எங்க நிப்பாரு?"

"அம்மா, அப்பா செத்துப் போயிட்டாரும்மா."

"தெரியும்" என்றாள் அம்மா. "அதான் வழி தெரியாம நிக்கிறாரு."

அவள் எழுந்தாள். சுவரைத் தொடாமல், நடுத்தரையில் நேராக நடந்து வாசலுக்குப் போனாள். அங்கே நின்று திரும்பிப் பார்த்தாள். அது பழைய அம்மாவின் முகம். பின்னல் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் முகம்.

"தம்பியப் பார்த்துக்க. நான் போய்க் கூட்டியாறேன்."

படியில் அவள் காலடிகள் இறங்கின. லீலா ஓடியிருக்கலாம், கூப்பிட்டிருக்கலாம். ஆனால் சேது விழித்துக்கொண்டு அவள் பாவாடையைப் பிடித்திருந்தான். கீழே மாட்டுவண்டியின் மணி கேட்டது. கூப்பிட்டால் அம்மா திரும்பி வந்துவிடுவாளோ என்று ஒரு கணம் பயந்தாள். அந்த ஒரு கணத்துக்காக அவள் பிறகு தன்னை மன்னிக்கவே இல்லை.

கேலாங் செராயில் அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட வீடு. சுற்றிலும் மணல் முற்றம், மூங்கில் படல் வைத்த வாசல், கோழிகள், கத்தி விளையாடும் பிள்ளைகள். சேது அங்கேயும் பலகைச் சுவரைத் தடவிக்கொண்டே வீட்டைச் சுற்றி வந்தான். முற்றத்தில் இறக்கிவிட்டால் மணிக்கட்டைக் கடித்தான். ஹலீமா மாமி ஆஸ்பத்திரியில் விசாரித்தாள், பழைய தெருவில் விசாரித்தாள். அன்னம்மாவை யாரும் பார்க்கவில்லை.

முதல் நாள் காலை மாமி முற்றத்தைக் கூட்டப் போனபோது, லீலா துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"கூட்டாதீங்க மாமி. அம்மா இன்னும் போய்ச் சேரல."

மாமிக்குக் கண் கலங்கியது. "நீயுமாடி?" என்றாள். இரண்டாம் நாளும் லீலா விடவில்லை. மூன்றாம் நாள் மாமி துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டுப் போய்விட்டாள். பிள்ளை பட்ட பாடு, கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று தங்கச்சியிடம் சொன்னாள்.

நான்காம் நாள், படலுக்கு உள்ளே மணலில் இரண்டு ஜோடித் தடங்கள் இருந்தன. பெரியது ஒன்று, சின்னது ஒன்று. பெரியதில் வலது சுண்டுவிரல் இல்லை. லீலா யாரிடமும் சொல்லவில்லை. கோழி கிளறாமல் பக்கத்தில் உட்கார்ந்து காவல் இருந்தாள். ஒவ்வொரு நாளும் ஒவ்வோர் எட்டு. அவளுக்கு இப்போது பயமாக இல்லை. இந்த முறை யாரும் துடைக்கமாட்டார்கள்.

எட்டாம் நாள் சாயங்காலம் தடங்கள் சுவர்வரை வந்து நின்றன. சேது அங்கே நின்றிருந்தான், கை பலகையில். குனிந்து பார்த்தான். கையை எடுத்தான்.

சுவரை விட்டான்.

பெரிய தடத்துக்குள் தன் சின்னக் காலை வைத்தான். அப்புறம் அடுத்ததில். வெட்ட வெளி மணலில், சுவர் இல்லாமல், பிடி இல்லாமல் நடந்தான். லீலா எழுந்து நின்றாள். நடக்கிறான்! தடம் தடமாகப் படலை நோக்கி வேகமாகப் போனான். ஓடினான். அவன் ஓடுவதைப் பார்க்க வேண்டும் என்றுதானே அவள் இத்தனையும் செய்தாள்?

"அம்மா" என்றான் சேது. தெளிவாக, உரக்க. அவன் பேசிய முதல் சொல்.

படலில் யாரும் இல்லை. அவன் அங்கே நின்று, அண்ணாந்து, தூக்கச் சொல்லி இரண்டு கைகளையும் நீட்டினான்.

முதலில் அவன் குதிகால்கள் மணலை விட்டு எழும்பின. அப்புறம் விரல்கள்.