மூன்றில் தொடங்கும் நம்பர்

கொஞ்ச நாளாக வளவன் போனைப் பார்த்துச் சிரிக்கிறான். கட்டிய மனைவி ரஞ்சனி எதிரே வந்து தட்டை வைத்தால் அந்தச் சிரிப்பு சட்டென்று அணைந்துவிடும்.

இன்று அவன் குளிக்கப் போனதும் போனை எடுத்தாள். ராஜகிரி மலையின் நிழல் ஜன்னல் வழியே கூடத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. பகலெல்லாம் காய்ந்த பாறையின் வெக்கை, மாடியில் குரங்குகள் ஓடும் தடதடப்பு, குளியலறையில் வாளி நிரம்பும் சத்தம். இன்டர்நெட்டில் அவன் அடிக்கடி திறக்கும் இடத்தில் பேரில்லாத பத்து இலக்க நம்பர் ஒன்று இருந்தது: 3232235783. எந்தச் சிறுக்கியோ! தன் போனிலிருந்து அடித்துப் பார்த்தாள். அப்படியொரு நம்பரே இல்லை என்றது. ஆத்திரத்தில் அவன் போனிலேயே அதை அழுத்தினாள். நம்பர் தானாக நாலு துண்டாகி நடுவில் புள்ளி வைத்துக்கொண்டது: 192.168.1.7. கீழே படம் அசைந்தது.

ஒரு சமையலறை. ஒருத்தி முதுகைக் காட்டிக்கொண்டு தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். கட்டியிருந்தது, வளவன் ரஞ்சனிக்காக அவலூர்பேட்டையில் எடுத்த மாம்பழ நிறப் புடவை.

குளியலறைக் கதவை இடித்தாள். "மூணுல ஆரம்பிக்கிற நம்பர் யாருது?"

"நம்ம கிச்சன் பரண்ல வெச்ச கேமராவோட அட்ரஸ்டி. புள்ளி வெச்சு எழுதினா நீ கண்டுபுடிச்சிடுவேன்னு ஒரே நம்பரா மாத்தி வெச்சேன். எப்புடி எழுதினாலும் போய் நிக்கிற இடம் ஒண்ணுதான்."

"அப்ப இவ யாரு?"

"நீதான். இன்னா கேள்வி இது? கோச்சுக்காத. அங்க நீ சிரிச்சிக்கினே சமைக்கிற, பாக்க நல்லா இருக்குது."

அந்தச் சமையலறையில் அவள் சிரித்ததே இல்லை. இப்போது அவள் நிற்பது கூடத்தில்.

உள்ளே போய் விளக்கைப் போட்டாள். யாருமில்லை. அடுப்பு சில்லென்றிருந்தது. பரண் பக்கம் கையை ஆட்டினாள். படத்தில் கை இல்லை. அவளே இல்லை.

படத்துக்காரி திரும்பினாள். ரஞ்சனியின் முகம். அதில் சிரிப்பு.

வளவன் துண்டோடு உள்ளே வந்தான்.

"ஏங்க!"

அவன் திரும்பவில்லை. அவளை உரசிக்கொண்டு அடுப்பருகே போனான். "வாசன தூக்குதுடி" என்றான், வெறும் சுவரிடம்.

படத்தில் அந்த ரஞ்சனி நிமிர்ந்து இவளை நேராகப் பார்த்தாள். பிறகு வளவனின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

ரஞ்சனி போனிலிருந்து கண்ணை எடுத்தாள். கைக்கெட்டும் தூரத்தில் அவள் புருஷன் கண்ணை மூடி நின்றான், ஒன்றுமில்லாத இடத்தில் தலை சாய்த்து.