லாரிச் சாலைக்கு அடியில்

சுரங்க வழியின் வாயிலில் தடம் பார்க்கப் பரப்பியிருந்த மணலில் ஒரு தடம்கூட இல்லை.

கவிப்ரியா குனிந்து மறுபடி பார்த்தாள். காலையில் சாலைக்கு அந்தப் பக்க வாயிலில் அவளே பார்த்திருந்தாள்: எறும்புத்தின்னியின் வால் இழுபட்ட கோடு, புனுகுப்பூனையின் பாதங்கள், குட்டியோடு போன காட்டுப்பன்றியின் குளம்புகள். எல்லாம் உள்ளே போனவை. இந்தப் பக்கம் வெளியே வந்திருக்க வேண்டும். மணலோ நேற்று வாரிவிட்ட மாதிரியே வழவழவென்று கிடந்தது.

சிங்கப்பூரின் ஜூரோங்கில் இருந்த ஒரு காட்டின் நடுவே கட்டுமான மணல் கிடங்கும் அதற்கான லாரிச் சாலையும் வரவிருந்தன. காட்டைத் தொடவே கூடாது என்றது ஒரு கூட்டம். முழுதும் வேண்டும் என்றது அவற்றைக் கட்டும் நிறுவனம். விலங்குகளைப் பற்றி ஆலோசனை சொல்ல வந்த கவிப்ரியா இரண்டு தரப்பிடமும் திட்டு வாங்கிக்கொண்டு ஒரு நடுவழி சொன்னாள்: சாலை போகட்டும், இரண்டு பக்கமும் மிஞ்சும் காட்டை இணைக்க அடியில் ஒரு சுரங்க வழி வேண்டும். அதற்காக மேலிடத்தோடு மல்லுக்கட்டியவன் நிறுவனத்தின் பொறியாளர் சுஹைப். சுரங்கம் பயன்படுகிறது என்று அவள் சொல்லிவிட்டால், திங்கட்கிழமை லாரிகள் ஓடும்.

ஃபோன் அடித்தது. சுஹைப் அந்தப் பக்க வாயிலில் இருந்தான்.

"இப்பதான் ஒரு உடும்பு உள்ள போச்சு, என் கண்ணு முன்னாடி. அங்க வருதா பாருங்க."

அவள் காத்திருந்தாள். மழை மேகம் கவிந்து பொழுது சாயுமுன்பே இருட்டியிருந்தது; தொலைவில் எங்கோ இயந்திரம் ஒன்று ஓய்ந்து ஓய்ந்து உறும, ஈரச் சிமெண்டின் வாடையோடு, அங்கே வரக் காரணமே இல்லாத பழுத்த இலைகளின் வாடை சுரங்கத்திலிருந்து மெல்ல மெல்ல வந்து அவள் முகத்தில் படிந்தது. இரண்டு பஸ் நீளம்கூட இல்லாத வழி அது. மறுமுனை பச்சை வட்டமாகத் தெரிய வேண்டும். தெரியவில்லை. கருப்பாக இருந்தது.

"வரல, சுஹைப். உள்ள ஏதாவது அடைச்சிருக்கா? எனக்கு வெளிச்சமே தெரியல."

"அடைக்கலையே. இங்கேர்ந்து உங்கள நல்லா பாக்குறேன் லா. கைய ஆட்டுறீங்க."

அவள் ஒரு கையில் ஃபோனைப் பிடித்திருந்தாள். மறு கையில் அணைந்த டார்ச்.

"நான் ஆட்டல," என்றாள். "சுஹைப், உள்ள போகாதீங்க."

"உள்ளதான் இருக்கேன். வர்றேன், இருங்க. முடிச்சுட்டு ஃபேரர் பார்க்ல பிரியாணி சாப்பிடலாம்."

குனிந்து நடப்பவனின் பூட்ஸ் சத்தம் ஃபோனில் கேட்டது. இந்நேரம் வந்திருக்க வேண்டும். சத்தம் நிற்கவில்லை. முதலில் சிமெண்டில் நடக்கும் சத்தம். பிறகு சருகில் நடக்கும் சத்தம்.

"கவி..." அவன் குரல் தாழ்ந்திருந்தது. "இவ்ளோ பெருசா நாம கட்டலையே."

"திரும்பிப் போங்க! வந்த வழியே போங்க!"

"இங்க மரம் நிக்குது. நாங்க வெட்டின மரம். எல்லாம்."

அவன் மூச்சு வாங்கியது. பிறகு சிரிப்பு மாதிரி ஒன்று. இணைப்பு அறுந்தது.

ஓடலாம். மேலே சாலை இருக்கிறது. அங்கே கிடங்கின் காவலாளி இருக்கிறார். ஆனால் இந்த வழியைக் கேட்டு வாங்கியவள் அவள். உள்ளே இருப்பவன் அவள் சொல்லை நம்பி நின்றவன்.

"சுஹைப்!"

எதிரொலி வரவில்லை. சிமெண்டுச் சுவரில் எதிரொலி வராமல் இருக்காது.

டார்ச்சைப் போட்டாள்.

தரையோரமாக முதலில் இரண்டு கண்கள் மின்னின. அப்புறம் நான்கு. அப்புறம் எண்ண முடியவில்லை. செம்மஞ்சள். பச்சை. வெள்ளி. ஒன்றும் அசையவில்லை. ஒன்றும் இமைக்கவில்லை. ஒன்றின் பின் ஒன்றாக, வெளிச்சம் எட்டும் தூரம்வரை. அதற்கு அப்பாலும்.

அவற்றின் நடுவே பாதுகாப்புச் சட்டையின் மஞ்சள் பட்டை. சுஹைப் நிமிர்ந்து நின்றான். அந்த வழியில் யாரும் நிமிர்ந்து நிற்க முடியாது.

"வாங்க கவி," என்றான் அன்பாக. "உள்ள நிறைய இடம் இருக்கு."

டார்ச் அவன் முகத்துக்கு ஏறியது.

மனிதக் கண் வெளிச்சத்தில் மின்னாது. அது அவளுக்குத் தெரியும்.

சுஹைபின் கண்கள் இரண்டும் பச்சையாக எரிந்தன.