பதில் அடி

நேற்று எழுதிய தாளில் அந்த இரண்டு அடிகள் மட்டும் காயவில்லை. சுற்றியிருந்த கதையெல்லாம் காய்ந்து கிடக்க, நடுவிலிருந்த பாட்டின் மை மட்டும் ஏரிப்பாசி வாடையோடு ஷுவானின் விரலில் ஒட்டியது.

ஏரியில் மூழ்கிப்போன ஒரு மணப்பெண்ணின் கதை அது. ஷுவானின் கணவன் லியாங் ஊர் ஊராய்ப் போய்ப் பேய்க்கதைகளைக் கேட்டு எழுதி வைப்பவன். கதை சொன்ன செம்படவர்கள் அவள் பாடியதாகச் சொல்லவேயில்லை. செத்தவள் வாயில் கவிதை இல்லாவிட்டால் படித்தவர்கள் மதிக்க மாட்டார்களாம். இவனே இட்டுக்கட்டிச் சேர்த்துவிட்டான். சும்மா இருக்க முடிகிறதா இந்த மனுஷனால்!

"அவ சொல்லாததை ஏங்க அவ வாயில திணிக்கிறீங்க?" என்று கேட்டதற்குச் சிரித்தான்.

பிற்பகல் மழை ஓட்டில் இறைந்து மூங்கில் குழாய் வழியே வாசலில் கொட்டிக்கொண்டிருந்த இரைச்சலுக்கு அடியில், ஈரத்துணி கல்லில் இழுபடுவதுபோல் ஏதோ படியேறி வந்து, தாழிட்ட கதவருகே நின்றது. ஒரு பெண்குரல் நிதானமாகச் சொல்லியது:

"ஏரித் தண்ணீர் எலும்புவரை குளிர்கிறது;
என் பாயில் ஓர் இடம் காலி."

அவன் எழுதிய அதே அடிகள். படித்தவர்கள் விருந்தில் ஒருவர் இரண்டு அடி சொன்னால் அடுத்தவர் இரண்டு அடியில் பதில் கட்டியாக வேண்டும், கட்டாதவனுக்குத் தலைகுனிவு. ஐந்து வயதிலிருந்து பழகிய வாய் அவனுக்கு. பேய்ப்பாட்டுக்குப் பதில் சொன்ன எவனும் உயிரோடு வீடு தங்கியதில்லை என்று பக்கம் பக்கமாய் எழுதியவனும் அவனேதான். ஆனாலும் உதடு பிரிந்தது.

ஷுவான் பாய்ந்து அவன் வாயைப் பொத்தினாள். மறு கையால் அவன் மணிக்கட்டுகளை மடியோடு அழுத்தினாள். பதிலை எழுதிவிட்டாலும் போச்சு. கதவைப் பார்த்துச் சொன்னாள்:

"இந்த வீட்ல உனக்குப் பதில் கிடையாது. இவரு என் புருஷன். கிளம்புடி."

மழை நின்றது. படியில் சத்தமில்லை.

பிறகு, முதுகில் ஈரம். ஒரு விரல்.

ஒரு கோடு. இன்னொரு கோடு. சீனப் பாட்டில் அடிக்கு ஐந்து எழுத்து, எழுத்துக்கு ஒரு சொல். அவளே சொல்வதுபோல் பதில் அடியை அந்த விரல் எழுதியது; படிக்கத் தெரிந்ததற்காக முதன்முறையாக வருந்தினாள்.

என் கணவன் வர மாட்டான்.
அவனுக்குப் பதிலாக வருபவள்...

ஒன்பது எழுத்து முடிந்தது. லியாங் அவள் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்தான். கண் பிதுங்கியது. விடு, விடு என்று தலையை உதறினான். விட்டால் அவன் பதில் சொல்வான். அவன் போவான்.

"எழுதிக்கோ," என்றாள், திரும்பாமல்.

பத்தாவது எழுத்து. அவள் பெயரின் முதல் கோடு, சில்லென்று, முதுகில் இறங்கியது.

அவள் கையை எடுக்கவில்லை.