நடுவில் விட்ட இடம்

அன்று பிற்பகல் கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர்: நீதிமன்றத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர், அவர் மனைவி, கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் அவர் தம்பி, ஒரே மகள், பல் மருத்துவரான மருமகன். வேறு எவரும் இல்லை.

மருமகன் புது டிஜிட்டல் கேமரா வாங்கியிருந்தார். குடும்பப் படம் ஒன்றை எடுத்துப் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்ட வேண்டும் என்பது பெரியவரின் விருப்பம். அந்த வீட்டில் படத்துக்கு நிற்க ஒரு முறை உண்டு. கூடப்பிறந்தவர்கள் நடுவில், பிறந்த வரிசைப்படி. மற்றவர்கள் இரு பக்கமும். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு பெரியவர் விறைப்பாக நின்றார்.

முதல் படம் மங்கலாக வந்தது.

"என்ன மாப்பிள்ளை, எல்லார் மூஞ்சியும் ஆவி அடிச்ச மாதிரி இருக்கு," என்றார் தம்பி. "பல்லு புடுங்கறப்பவும் இப்படித்தான் குறி பாப்பீங்களா?"

"அங்க ஆடாம உக்காருவாங்க, சின்ன மாமா."

மருமகன் லென்ஸைத் துடைத்தார். கேமராவை ஸ்டாண்டில் பொருத்தினார். ஜன்னல் திரையை விலக்கி, வெளிச்சம் முகங்களில் விழும்படி செய்தார். இரண்டாவது படமும் தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோலவே இருந்தது. கூர்மையையும் நிறத்தையும் கூட்டி வைத்து மூன்றாவதை எடுத்தார். திரையில் அதைப் பெரிதாக்கி, விரலால் நகர்த்தி நகர்த்திப் பார்த்தார்.

"மாமா, கேமராவுல கோளாறு இல்ல. நீங்களும் சின்ன மாமாவும் நடுவுல ஒரு ஆள் இடம் விட்டு நிக்கிறீங்க. அந்தச் சந்து வழியா இது பின்கதவைப் பாத்துடுது. கதவு துல்லியமா விழுது, நீங்க மங்கிப் போறீங்க. கொஞ்சம் ஒட்டி நில்லுங்க."

அண்ணனும் தம்பியும் தோளோடு தோள் இடிக்க நின்றார்கள். கேமரா சொடுக்கியது.

படத்தில் மறுபடியும் இடைவெளி இருந்தது. ஓர் ஆள் அகலம்.

"ஒட்டித்தானே நின்னோம்," என்றார் தம்பி. இப்போது அவர் குரலில் கேலி இல்லை.

மகள் தயங்கினாள். "சித்தப்பா, உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல பொறந்தது அத்தைதானே?"

"அவ பேச்சு வேண்டாம்," என்றார் தம்பி. "பெத்த தாய் சாகக் கிடந்தப்பகூட எட்டிப் பாக்காதவ. அடுத்த மாசம் அவ செத்த சேதி கடுதாசியில வந்துச்சு. நான் அழல."

தன் விருப்பத்துக்கு ஒருவரை மணந்து வீட்டைவிட்டுப் போன தங்கையைப் பற்றி இருபத்திரண்டு வருடமாகப் பெரியவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: அவள் வரவில்லை.

வெளியே வெயில் காய்ந்தது. கூடத்திலோ நனைந்த கம்பளியின் வாடை மெல்ல ஏறியது.

"கதவுக் கண்ணாடியில ஏதோ கறை இருக்கு," என்றார் மருமகன். "மொதப் படத்துல சாம்பலா இருந்துச்சு. நிறத்தைக் கூட்டினதும் நீலமா வருது."

பெரியவரின் மனைவி கணவரைப் பார்த்தார். அந்தப் பார்வையைப் பெரியவர் தாங்கவில்லை, தலை குனிந்துகொண்டார். தங்கையின் சால்வை நீலம்.

தம்பி சட்டைப் பையிலிருந்து உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்தார். கடிகாரத்தின் பல்சக்கரங்களைப் பார்ப்பதுபோல ஒற்றைக் கண்ணில் அதை இடுக்கிக்கொண்டு திரைமேல் குனிந்தார். நெடுநேரம் நிமிரவில்லை.

"கை ஒண்ணு இருக்கு," என்றார் கடைசியில். "கண்ணாடிமேல வச்சிருக்கு. சுண்டுவிரல் வளைஞ்சிருக்கு."

சின்ன வயதில் கதவிடுக்கில் நசுங்கி வளைந்த விரல் அது. கதவைச் சாத்தியது தம்பிதான்.

"அக்கா," என்றார் அவர்.

டக்.

பின்கதவுக் கண்ணாடியில் நகத்தால் தட்டும் ஓசை. பலமாக இல்லை. அக்கம்பக்கத்தார் காதில் விழக் கூடாதே என்று தட்டுகிறவர்கள் தட்டும் ஓசை.

டக். டக்.

எவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"அன்னைக்குக் காத்துன்னு சொன்னீங்க," என்றார் மனைவி, மெதுவாக.

பெரியவர் இன்னொரு முறை காற்று என்று சொல்லிவிடலாம். குடும்பத்தின் மானம் அந்த ஒரு சொல்லில் நின்றுவிடும். தம்பி நம்புவான், அண்ணன் சொன்னால் அவன் எதையும் நம்புவான்.

"வந்தா," என்றார் பெரியவர். "மழையில வந்தா. உடம்பு கொதிச்சுது அவளுக்கு. 'அம்மாவை ஒரு தரம் பாத்துட்டுப் போயிடறேன் அண்ணா'ன்னு கண்ணாடிக்கு அந்தப் பக்கத்துல இருந்து சொன்னா. தெருவுல யாராவது பாத்துடுவாங்களேன்னு தாழ்ப்பாளைப் போட்டேன். திரையை இழுத்து விட்டேன். அரை மணி நேரம் தட்டினா. சத்தம் போடல."

தம்பி கண்ணிலிருந்த உருப்பெருக்கியைக் கழற்றினார். அது கை நழுவிக் கீழே விழுந்து உருண்டது.

"அம்மா கடைசி மூச்சு வரைக்கும் அந்தக் கதவைத்தானே அண்ணா பாத்துட்டே கெடந்தாங்க. நான் பக்கத்துல உக்காந்து அக்காவைத் திட்டிட்டு இருந்தேனே."

பெரியவர் திரும்பினார். மூன்று எட்டில் பின்கதவை அடைந்தார். துருவேறிய தாழ்ப்பாளை இரண்டு கையாலும் இழுத்தார், உள்ளங்கை கிழிந்தது. தாழ்ப்பாள் விலகியது.

"உள்ள வாம்மா," என்றார்.

தட்டும் ஓசை நின்றது.

அவர் கதவைத் தள்ளினார். தோளைக் கொடுத்துத் தள்ளினார். மருமகனும் வந்து சேர்ந்து தள்ளினார். கதவு அசையவில்லை.

பெரியவர் பயந்துபோய் அந்தக் கதவைச் சுவர் வைத்து அடைத்துவிட்டார் என்று தெருவில் ஒரு பேச்சு இருக்கிறது. அது பொய். சுவர் எதுவும் இல்லை. தாழ்ப்பாளை அன்றைக்கே கழற்றி எறிந்தாயிற்று. தச்சர் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டார். கதவில் ஒரு குறையும் இல்லை என்கிறார். அந்தப் பக்கத்திலிருந்து அவள் பிடித்துக்கொண்டிருக்கிறாள், அவ்வளவுதான்.