தொட்டியில் ஏறிய தண்ணீர்

தண்ணீர் குறையவில்லை, அதுதான் அவருக்கு முதலில் உறுத்தியது. கடல்மீன் தொட்டியில் தினமும் கொஞ்சம் தண்ணீர் ஆவியாகும், உப்பு மட்டும் அங்கேயே தங்கும், அதனால் மேலே நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும் என்று மீன்கடைக்காரன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். அவர் அளவுக்கு ஒட்டிய டேப்பைத் தாண்டித் தண்ணீர் நின்றது.

"தண்ணி ஊத்தினியா?" என்று மனைவியைக் கேட்டார்.

"நான் எதுக்கு ஊத்துறேன்? என்னையும் சந்தேகப்படுங்க."

ஆயுள் முழுக்கக் காவல் வேலை பார்த்தவர். சொந்த மகன் வந்து கதவைத் தட்டினாலும் "யாரது?" என்பார். "நான்தாம்பா" என்று குரல் வந்தால்தான் தாழ்ப்பாள் நகரும். "அப்பா கண்ணாடியில தன் மூஞ்சியப் பாத்தாலும் யாருடா நீன்னு கேப்பாரும்மா" என்று மகன் சிரிப்பான்.

தொட்டி அவன் ஆசைப்பட்டு வாங்கியது. கண்ணாடி, அலை கிளப்பும் மோட்டார், ஹீட்டர், அழுக்கை நுரையாகத் தள்ளும் குடுவை, நீல லைட்டு, எல்லாம் பிரிக்காத பெட்டிகளாய்க் கூடத்தில் கிடந்தன. அவன் கூட்டாளிகளோடு கடலில் குளிக்கப் போனான். செருப்புதான் திரும்பி வந்தது. உடம்புகூடக் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் சாப்பிடுவதை விட்டுவிட்டாள். "அத மாட்டிக் குடுத்துருங்க. அது ஓடுற சத்தத்தையாவது கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்று மட்டும் சொன்னாள்.

கடைக்காரன் உப்புத்தூளை நீட்டினான். "இதக் கரைச்சு ஊத்துங்க பெரியவரே. கடல் தண்ணி மட்டும் வேண்டாம். அதுல என்ன இருக்கும்னு தெரியாது."

தூள் விற்கப் பார்க்கிறான் என்று நினைத்தார். கேனைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போனார். அவருக்குத் தெரிந்த கரை ஒன்றுதான். செருப்பு கிடந்த அதே இடம்.

மீன் இன்னும் விடவில்லை. தண்ணீர் பக்குவப்படட்டும் என்றிருந்தார்கள். மோட்டார் உறுமியது, அவள் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்றாள். அந்த ஒரு காட்சிக்காகவே அவர் வாயை மூடிக்கொண்டிருந்தார், நுரைக்குடுவையில் கறுப்பு முடி சுருண்டு கிடந்ததைப் பார்த்த காலையிலும்கூட. அவள் முடி முழுக்க நரைத்திருந்தது. அவர் தலையோ வழுக்கை.

மழை இருட்டிக்கொண்டு வந்த பிற்பகலில் கரண்ட் போனது. லைட்டு அணைந்தது, மோட்டார் நின்றது, ஜன்னல் வழியே ஈர மண் வாசனை வந்தது. அதற்கும் மேலே, அடைத்து வைத்த ஈரத்துணிபோல ஒரு உப்பு வீச்சம். அலை நிற்கவில்லை. மெதுவாக மேலே வந்தது. மெதுவாகக் கீழே போனது. தூங்குகிறவன் நெஞ்சு மாதிரி.

தண்ணீருக்குள் கைவிட்டுப் பார்த்தார். வெதுவெதுப்பு. காய்ச்சல் நாளில் மகன் நெற்றியைத் தொட்டுப் பார்த்த அதே சூடு. ஹீட்டரின் வயர் சுவரில் சொருகாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

இதைக் கொட்டிவிட வேண்டும்.

வாளியை வைத்தார். ரப்பர் குழாயின் ஒரு முனையைத் தொட்டிக்குள் விட்டார். மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சினார்.

தண்ணீர் வரவில்லை. அந்தப் பக்கமும் யாரோ உறிஞ்சினார்கள்.

குழாய் வாயிலிருந்து நழுவி வாளியில் விழுந்தது.

"கொட்டாதீங்க." மனைவி பின்னால் நின்றாள். கையில் துண்டு. மகனுடைய துண்டு. "அவனுக்கு எப்பவும் தலையத் துவட்டத் தெரியாது. ஈரத்தோட வந்து நிப்பான்."

"இந்தாம்மா, கிட்ட போகாத."

போனாள். தொட்டியின் மேல் துண்டை விரித்தாள். இரண்டு கையாலும் தேய்த்தாள், மெதுவாக, பின்னங்கழுத்தை விடாமல். துண்டு தொய்ந்து விழவில்லை. உருண்டையாய் நின்றது. தேய்க்கத் தேய்க்க ஆடியது. பிறகு அவர் பக்கம் திரும்பியது.

அவருக்கு வேறு வார்த்தை தெரியவில்லை.

"யாரது?"

வாளிக்குள் கிடந்த குழாய் களக்கென்றது. மூச்சு வந்தது. பிறகு குரல்.

"நான்தாம்பா."

அவள் துவட்டிக்கொண்டே இருந்தாள். துண்டுக்கு அடியில் தலை இருந்தது. தலைக்குக் கீழே, கண்ணாடி முழுக்க, தண்ணீர் மட்டும்தான்.