வெள்ளைப் பூச்சுக்குக் கீழே

கடிகாரக்காரர் வீட்டுக்கு நான் போனது பட்டப்பகலில், பதினொரு மணி வெயிலில். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம்கூடப் பகலில்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருட்டில் எதையோ பார்த்து மிரண்டுபோன பொம்பளை என்று யாரும் என்னை நினைத்துவிடக் கூடாது.

கீழே கடை, கடைக்குப் பின்னால் பட்டறை, மாடியில் வீடு. ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனால் மெஷின் எண்ணெய் வாசனை. பெரியவருக்கு எழுபது தாண்டியிருக்கும். ஆனால் கை மட்டும் துளிகூட நடுங்கவில்லை. ஒரு சின்ன திருகாணியை இடுக்கியால் எடுத்து வைத்துவிட்டுத்தான் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நீதானே அந்தப் பழங்கால ஆல்பம் பண்றவ?"

"ஆமாங்க."

என் தொழில் அதுதான். பழைய காகிதத்தைத் தேநீரில் ஊறவைத்துப் பழுப்பாக்கி, வெட்டி ஒட்டி, மேலே பித்தளைப் பல்சக்கரம், துருப்பிடித்த சாவி, பழைய புகைப்படம் எல்லாம் பதித்து ஆல்பம் செய்வேன். நீராவி இயந்திரக் காலத்துச் சாமான் மாதிரி இருக்கும். ஸ்டீம்பங்க் என்று பெயர். என் வீட்டுக்காரர் வைத்த பெயர் 'குப்பைக்குக் கல்யாணம்'. சொல்லிவிட்டுப் போகட்டும்.

பெரியவர் ஒரு தகரப் பெட்டியை என் பக்கம் தள்ளினார். உள்ளே கட்டுக்கட்டாகக் கடிதங்கள், கணக்கு நோட்டில் கிழித்து எழுதிய குறிப்புகள், நாலைந்து புகைப்படங்கள்.

"என் பொண்டாட்டியோடது. மகள் ரொம்ப நாளா கேட்டுக்கிட்டே இருக்கா. அழகா ஒரு ஆல்பமா பண்ணிக் குடு."

"காப்பி எடுத்துக்கிட்டு ஒரிஜினலைப் பத்திரமா திருப்பித் தந்துடறேங்க."

"வேணாம்." குரல் சட்டென்று இறங்கியது. "ஒரிஜினலையே வெட்டு. ஒரு வரிகூட முழுசா படிக்கிற மாதிரி இருக்கக் கூடாது. நம்ம வீட்டு விஷயம் பாரு."

எங்கள் தொழிலில் இருக்கிறவர்களுக்கு இது எவ்வளவு விசித்திரம் என்று தெரியும். கொண்டுவந்து கொடுக்கிறவர்கள் எல்லாம், ஒரிஜினலில் கத்திரி பட்டுவிடக் கூடாது என்று கையைப் பிடித்துக் கெஞ்சுவார்கள். நாங்களும் நகலைத்தான் வெட்டுவோம். இவர் ஒருத்தர்தான் வெட்டு வெட்டு என்றார். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. அசல் பழைய காகிதம் கையில் கிடைத்த சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

"அம்மா எப்போ தவறினாங்க?" என்று கேட்டேன்.

"தவறல. போயிட்டா. ஆறு வயசுப் பிள்ளையை விட்டுட்டு ஒரு ராத்திரி கிளம்பிப் போயிட்டா. இருபத்தொன்பது வருஷமாச்சு."

ஐயோ பாவம் என்று நான் உச்சுக்கொட்டினேன். அவருக்காக!

வீட்டில் என் வேலை அறை பின்பக்கம். ஜன்னல் பெரியது, நல்ல வெளிச்சம். அகலத் தட்டில் தேநீரை ஊற்றி முதல் கடிதத்தை அமிழ்த்தினேன். சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடந்த எழுத்து, கண் முன்னாலேயே பளிச்சென்று ஊதாவாக மாறியது. அந்தக் காலத்தில் கடைகளில் ரசீது எழுத ஒரு பென்சில் இருந்தது. ஈரம் பட்டால் மையாகிவிடும். அந்த அம்மா வேறு பேனா கிடைக்காமல் கடைப் பென்சிலிலேயே எழுதியிருக்கிறாள். எல்லாம் அவள் அக்காவுக்கு எழுதியவை. ஒன்றில்கூடத் தபால் முத்திரை இல்லை. எழுதியதை யாரோ போடவிடவில்லை.

நான் பொதுவாகக் கடிதங்களைப் படிக்க மாட்டேன். அன்றைக்கு ஒரு வரி கண்ணில் விழுந்துவிட்டது.

'இன்னைக்கும் என்னை உள்ளே வெச்சுப் பூட்டிட்டுத்தான் கடைக்குப் போனார் அக்கா. அவர் கையைப் பார்த்தாலே பயமா இருக்கு. பாப்பாவுக்காகத்தான் இருக்கேன்.'

இரண்டு தடவை படித்தேன்.

படித்துவிட்டு என்ன செய்தேன் தெரியுமா? பழுப்புக்கும் ஊதாவுக்கும் என்ன பொருத்தம் என்று ரசித்தேன். பிறகு அந்த வரியின் குறுக்கே கத்திரியை விட்டேன். 'பூட்டிட்டு' என்ற இடத்தில் ஒரு பல்சக்கரத்தை ஒட்டினேன். இதைச் சொல்ல எனக்கு நாக்கூசுகிறது. ஆனால் சொல்லாமல் இருந்தால் மீதிக் கதைக்கு அர்த்தமே இல்லை.

நாலு நாளில் எல்லாக் கடிதமும் துண்டுகளாகிவிட்டன. பக்கம் பக்கமாக ஒட்டி, எழுத்து மங்கித் தெரியட்டும் என்று மேலே ஜெஸ்ஸோ பூசினேன். சுண்ணாம்பு மாதிரி ஒரு வெள்ளைப் பூச்சு அது. காய்ந்தால் கல் மாதிரி ஆகிவிடும்.

மறுநாள் காலை நடுப்பக்கத்தில் ஒரு சொல் வெள்ளையைத் துளைத்துக்கொண்டு மேலே வந்திருந்தது.

'நான்.'

அந்த மை அப்படித்தான், எதைப் பூசினாலும் கசியும். இன்னொரு பூச்சுப் பூசினேன். அதற்கடுத்த நாள் 'நான்' பக்கத்தில் இன்னொரு சொல் நின்றது.

'போகல.'

"காயறதுக்கு முன்னாடியே அடுத்த கோட் அடிச்சிருப்ப. உனக்கு எதுலதான் பொறுமை?" என்றார் வீட்டுக்காரர், காபியை உறிஞ்சிக்கொண்டே. நானும் சிரித்துவிட்டு மூன்றாவது பூச்சைப் பூசினேன்.

அன்று மதியம் மகள் வந்தாள், அட்டைக்கு நிறம் பார்க்க. முப்பத்தைந்து வயது, ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, டியூட்டி முடிந்து நேராக வந்திருந்தாள். தோல் மாதிரி இருக்கும் ஒரு காகிதத்தைத் தடவிக்கொண்டே நின்றாள்.

"அக்கா, நீங்க அம்மா எழுதினதைப் படிச்சீங்களா?"

"இல்லம்மா. நாங்க படிக்க மாட்டோம்."

"எங்கயாவது என்னைப் பத்தி எழுதியிருந்தா சொல்லுங்கக்கா. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். அன்னைக்கு நான் அவங்க பக்கத்துலதான் படுத்திருந்தேன். போகும்போது என்னை ஏன் எழுப்பல? ஒரு தடவை எழுப்பியிருந்தா நானும் கூடவே போயிருப்பேனே." அழவில்லை. அழுது தீர்த்துவிட்ட முகம் அது. "என்னைப் பிடிக்கலன்னா அதையாவது எழுதி வெச்சிருப்பாங்க இல்ல?"

பாப்பாவுக்காகத்தான் இருக்கேன் என்ற வரி என் தொண்டை வரைக்கும் வந்தது. ஒரிஜினலை வெட்டிவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வேன்? பழுப்பு நிறமே நன்றாக இருக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

திரும்பி வந்து பார்த்தால் மூன்றாவது பூச்சும் வெடித்திருந்தது. நான் போகல.

எல்லாம் புரிந்துவிட்டது. புரிந்த பிறகும் தூரிகையை எடுத்தேன். அந்த அம்மா ஓடிப்போகவில்லை என்பது உண்மையென்றால், அந்த உண்மையைத் துண்டு துண்டாக நறுக்கியவள் நான்தானே! அதை மூடிவிட்டால் போதும் என்றுதான் தோன்றியது.

மணி மூன்று இருக்கும். ஜன்னலில் வெயில். வெளியே யாரோ வண்டியைத் துடைக்கிற சத்தம்.

பிறகு அந்தச் சத்தம் நின்றது.

அறைக்குள் ஒரு வாசனை பரவியது. ஈர சிமெண்ட் வாசனை, அதற்கு அடியில் மட்கின மண்.

டிக்.

பக்கத்தில் ஒட்டியிருந்த பல்சக்கரம் ஒரு பல் நகர்ந்தது. அதற்கு ஸ்பிரிங் கிடையாது, அச்சு கிடையாது. நானே பசை போட்டு அழுத்தி ஒட்டியது.

டிக்.

தூரிகை பிடித்த என் மணிக்கட்டை ஐந்து விரல்கள் பிடித்தன. கண்ணுக்குத் தெரிந்தது என் கை மட்டும்தான். விரல்களின் ஜில்லிப்பு எலும்பு வரை இறங்கியது.

"பூசாதே."

காதுக்குள் கேட்டது. வாயில் மண் வைத்துக்கொண்டு பேசுகிற குரல்.

மேஜையில் கிடந்த கத்திரி தானாகத் திறந்தது.

"எத்தனை துண்டு?" என்றது அந்தக் குரல். "என்னை எத்தனை துண்டு பண்ணினே?"

"தெரியாது... தெரியாது தாயே..."

கத்திரி என் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வந்து நின்றது. அவசரமே இல்லாமல் மூடியது.

என் அலறல் எனக்கே கேட்கவில்லை. ரத்தம் பக்கத்தின் மேல் சொட்டிய இடமெல்லாம் வெள்ளைப் பூச்சு செதில் செதிலாக உதிர்ந்தது. உதிர்ந்த இடங்களில் ஊதாச் சொற்கள். 'பட்டறை', கடைச் சாவியைப் பற்றிய கடிதத்தில் இருந்தது. 'தரை', வீடு துடைத்ததைச் சொல்லும் கடிதத்தில் இருந்தது. ஒவ்வொன்றையும் நான்தான் வெட்டினேன், எனக்குத் தெரியாதா? வெவ்வேறு நாளில் எழுதிய சொற்கள், நான் கண்டபடி ஒட்டிய இடத்திலிருந்து நகர்ந்து ஒரே வரிசையில் வந்து நின்றன.

'நான் போகல. பட்டறை தரை கீழ இருக்கேன்.'

கையில் ஏழு தையல். வீட்டுக்காரரிடம் கத்திரி வழுக்கிவிட்டது என்றேன். அந்தப் பக்கத்தில் அதற்குப் பிறகு நான் எதையும் பூசவில்லை. தைரியம் எல்லாம் இல்லை, பயம்தான். மேலே ஒரு மடிப்புக் காகிதத்தை மட்டும் வைத்து மூடினேன். மகளுக்கு ஃபோன் போட்டு, ஆல்பம் கொடுக்கிற அன்று நீயும் கண்டிப்பாக வரணும்மா என்றேன்.

பட்டறையிலேயே வைத்துக் கொடுத்தேன். பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். முகத்தில் அவ்வளவு திருப்தி.

"ஒரு எழுத்தும் படிக்க முடியல. பிரமாதம்."

மகள் அவர் தோளுக்குப் பின்னால் நின்றாள். "அப்பா, இது திறக்குமா?" என்று மடிப்பை விரலால் தூக்கினாள்.

படித்தாள்.

மறுபடி படித்தாள். பிறகு குனிந்து, தான் நிற்கிற சிமெண்ட் தரையைப் பார்த்தாள். மற்ற இடமெல்லாம் பழைய கல் பாவியிருந்தது. நடுவில் ஆள் நீளத்துக்கு மட்டும் சிமெண்ட்.

பெரியவர் பளாரென்று பக்கத்தின் மேல் கையை வைத்து மறைத்தார். அந்தக் கை அதற்குப் பிறகு மேலே வரவில்லை.

டிக். டிக். டிக்.

உள்ளங்கைக்குக் கீழே சக்கரங்கள் எல்லாம் சுற்றின. அவர் இடது கையால் வலது கையைப் பிடித்து இழுத்தார். ஆல்பத்தைக் கட்டிய மெழுகு நூல் பிரிந்து மணிக்கட்டில் சுற்றி இறுகியது. எலும்பு நொறுங்குகிற சத்தம் கேட்டது. நான் காதைப் பொத்திக்கொண்டேன். மகள் பொத்திக்கொள்ளவில்லை.

"விடுடி!" என்று கத்தினார். எங்கள் இருவரையும் பார்த்து இல்லை. "விடுடி கையை! நாலு மூட்டை சிமெண்ட் போட்டு மூடினேனே உன்னை... எப்படிடி வந்தே?"

மகள் அவருக்கு உதவப் போகவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து அந்த சிமெண்டின் மேல் இரண்டு கைகளையும் வைத்தாள்.

"போகவே இல்லக்கா," என்றாள் என்னைப் பார்த்து. "இங்கதான் இருந்திருக்காங்க. தினம் நான் இது மேலதான் நடந்து ஸ்கூலுக்குப் போனேன்."

அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகையெல்லாம் எனக்குத்தான் வந்தது.

போலீஸ் வந்து தோண்டியது. நாலடி ஆழத்தில் கிடைத்தாள். பெரியவரின் வலது கையில் ஒரு விரலைக்கூடக் காப்பாற்ற முடியவில்லை. இப்போது சிறையில் இருக்கிறார். தூங்குவதில்லையாம், யாரோ எண்ணுகிற சத்தம் கேட்கிறது என்கிறாராம். நன்றாக வேண்டும்.

விசாரணை முடிந்ததும் ஆல்பம் மகள் கைக்கு வந்தது. அம்மாவை அடக்கம் செய்த பிறகு அவள் முகத்தில் ஒரு தெளிவு. எனக்கு நன்றிகூடச் சொன்னாள். எல்லாம் முடிந்தது என்று நானும் மூச்சு விட்டேன்.

நேற்று காலை ஃபோன் செய்தாள்.

"அக்கா, கடைசிப் பக்கத்தை ஒண்ணும் ஒட்டாம வெள்ளையா விட்டிருக்கீங்களே, அதுல எழுத்து வருதுக்கா."

"என்னம்மா வருது?"

"'வெட்டினவளை வரச் சொல்லு'ன்னு. யாரைக்கா சொல்றாங்க?"

அந்தச் சொற்கள் எந்தக் கடிதத்திலும் இல்லை. அந்தப் பக்கத்தில் நான் ஒரு துண்டும் ஒட்டவில்லை.

"தெரியலம்மா," என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பத்து நிமிஷத்தில் மறுபடி கூப்பிட்டாள். குரல் மாறியிருந்தது. அதற்குக் கீழே இப்போது இன்னும் இரண்டு வரி வந்திருக்கிறதாம். என் தெருவின் பெயரும், என் வீட்டுக் கதவு எண்ணும்.