நிலவறையில் நின்ற காற்று

வலியசாலை அக்கிரகாரம், 1936. காலை ஆறரை மணி.

சோடா கம்பெனி முதலாளி பஞ்சாபகேசன் தம் வீட்டு நிலவறையில் செத்துக் கிடப்பதாக அவர் தம்பி சேஷன் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. எட்டு மணிக்கு இன்ஸ்பெக்டர் சற்குணம் வருவதற்குள், கொலைகாரி யார் என்றும் தெரு தீர்மானித்துவிட்டது. மனைவி வாலாம்பாள்தானாம். ஊர் வாய்க்குச் சாட்சி எதற்கு?

"பூஜைப் பெட்டி இருக்கற எடம், விளக்கில்லாம எறங்கப்படாது. விளக்கேத்திண்டு அடி வரைக்கும் எறங்கினேன் சார். அண்ணா கெடந்தார். பக்கத்துல மன்னி குடுத்த காப்பி டம்ளர்" என்றான் சேஷன்.

"நான் காப்பியே போடலை" என்றாள் வாலாம்பாள்.

"வெளக்கு எரிஞ்சுதா?" என்றார் சற்குணம்.

"நன்னா எரிஞ்சுது. பார்த்துட்டு மேலே வந்து கத்தினேன்."

"பொறவு யாராவது எறங்கினாங்களா?"

"இல்லை சார். எல்லாரும் இங்கேயேதான் நிக்கறா."

கான்ஸ்டபிள் தாசையன் படியில் கால் வைத்தார். சற்குணம் அவரைப் பிடித்து இழுத்துவிட்டு, ஒரு விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கினார். நான்காவது படியில் அணைந்தது. மறுபடி ஏற்றி இறக்கினார். மறுபடியும் அணைந்தது. தாசையன் படியை விட்டு விலகி நின்றார்.

"வெத்திலைச் சுண்ணாம்பு இருக்கா அம்மா?"

சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்துத் தெளியவிட்டு, மேல்நீரைத் துணியில் வடிகட்டி இரண்டு கிண்ணங்களில் ஊற்றினார். ஒன்றை வெளியே வைத்தார். மற்றதை நிலவறைக்குள் இறக்கி, கயிற்றை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

வெளியே இருந்தது தெளிந்தபடியே இருந்தது. மேலே வந்த கிண்ணத்தில் நீர் பால் போல் வெளுத்திருந்தது.

"ஹைட்ரஜனா இருந்தா தீப்பிடிச்சிருக்கும். நைட்ரஜன் தீயை அணைக்கும், ஆனா சுண்ணாம்புத் தண்ணிய ஒண்ணும் செய்யாது. இது கரியமில வாயு. சோடாவுல அடைக்கிற கேஸ். சிலிண்டர் ஒம்ம பொறுப்புதானே, சேஷன்?"

சேஷன் வாசல் பக்கம் பார்த்தான்.

"அண்ணன் உள்ள இருக்கும்போது கதவைச் சாத்தி, காத்துத் துவாரம் வழியா கேஸைத் தெறந்து விட்டீரு. டம்ளரை மேல இருந்து வீசினீரு. அண்ணன் போயி, மன்னியும் தூக்குல தொங்கினா கம்பெனி ஒமக்கு. பூஜைப் பெட்டி இருக்கிற நிலவறைக்கு வெளக்கில்லாம எறங்கக்கூடாதுங்கறது இந்த வீட்டு வழக்கம். பொய் சொல்லும்போதும் அந்த வழக்கம் விடல்லை. இந்தக் கேஸுல வெளக்கு எரியாது, ஓய். எறங்கின ஆளும் ஏறி வர மாட்டான்."

சேஷன் ஓடப் பார்த்தான். தாசையனின் பிடி இரும்பாக இருந்தது. தெரு முழுவதும் தலையைக் குனிந்துகொண்டது.

வாலாம்பாள் யாரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

"இனிமே அவரை மேலே கொண்டு வரலாமா, சார்?"

காலையிலிருந்து அதை யாருமே கேட்கவில்லை.